பச்சை முடியும் ஒரு கை புளியும்

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடைகாலம். மதுரையில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். என் கணவருக்கு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம்; நெல், வாழை, தென்னை என்று தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற குடும்பம். அவருக்கு வேலை மதுரையில் என்பதால் டவுனில் குடியிருந்தோம். நல்லது கெட்டதுக்கு ஊருக்குப் போய்வருவோம். அங்கேதான் என் மானம் கப்பலேறியது.

அந்த வீட்டில் நீச்சல் தெரியாத ஆளே கிடையாது. மாமியார், நாத்தனார், நாத்தனாரின் பொடிசுகள் என்று எல்லோரும் தோட்டத்துக் கிணற்றில் மேலேயிருந்து தொப்பென்று குதிப்பார்கள். நான் மட்டும் கடைசிப் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வேன். "மதுரைப் பொண்ணு, பாத்து ஆத்தா! சொம்புக்குள்ள விழுந்துறாத" என்று நாத்தனார் சொல்ல, கிணறே சிரிக்கும்.

என் கணவர் சொன்ன யோசனை இன்னும் மோசம். "இடுப்புல கயித்தக் கட்டித் தள்ளி விடுறேன். நீச்சல் தன்னால வந்துரும்" என்றார். அந்த மனுஷனை நம்பிக் கழுத்தை நீட்டியது போதாதா, கயிற்றுக்கு இடுப்பையும் நீட்ட வேண்டுமா? முடியாது என்றுவிட்டேன். அப்போது மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கி, சொல்லிக் கொடுக்கப் பெண்ணொருத்தியையும் வேலைக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் போய்ச் சேர்ந்தேன். பாவாடை, அதற்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. இதுதான் என் நீச்சல் உடை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் தாலி கட்டிக்கொண்டவள்.

டீச்சரை முதல் தடவை பார்த்தபோது யாரோ வெளிநாட்டுக்காரி என்று நினைத்தேன். வெள்ளைத் தோல். புருவம், இமை எல்லாமே வெளுப்பு. தலைமுடி மட்டும் இளமஞ்சளாக, மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்குமே குஞ்சம், அந்த நிறத்தில் இடுப்பு வரைக்கும் இருந்தது. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, இங்கிலீசுல பேசணுமோன்னு பயந்துட்டீகளா? நான் வாடிப்பட்டிக்கு மேக்கதேன். வெத்தலக் கொடிக்கால் வச்சிருக்க குடும்பம்."

பிறக்கும்போதே உடம்பில் நிறம் இல்லாமல் பிறந்தவர். வெயில் பட்டால் தோல் கன்றிப்போகும், கண் கூசும், தூரத்தில் நிற்பவர் முகம் தெரியாது. குளத்தங்கரையில் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் தண்ணீரில் கால் அடிக்கிற சத்தத்தை வைத்தே இன்ன பிள்ளை என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "முட்டிய மடக்காத! ஆமா, ஒன்னத்தேன்" என்று அவர் கத்தினால் பத்துப் பேரில் யார் முட்டியை மடக்கினார்களோ அவர்கள் மட்டும் நீட்டுவார்கள். அது பெரும்பாலும் நான்தான்.

நீச்சல் எப்படிக் கற்றுக்கொண்டார் என்று ஒருநாள் கேட்டேன். "ஊர்ல வெளையாட எவளும் என்னயச் சேக்க மாட்டா. கெணறு சேத்துக்கிருச்சு. உள்ள வெயிலும் வராது" என்றார். அம்புட்டுத்தான். தன்னைப் பற்றி வருத்தப்பட்டு அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பத்தாவது முடித்த பிறகு எந்த வேலைக்குப் போனாலும் ஆளைப் பார்த்ததும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீரில் இறங்கிக் காட்டியதும் கிடைத்த வேலை இது ஒன்றுதான். டவுனில் சித்தி வீட்டில் தங்கியிருந்தார்.

சித்திரை வெயில் ஏற ஏற, குளத்தில் பாசி பிடிக்க ஆரம்பித்தது. சுவரெல்லாம் வழுக்கியது. சில நாட்களில் டீச்சரின் முடி நுனியில் லேசாகப் பச்சை தெரிந்தது. அவருடைய சித்தி, தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூளைச் சரியாக அலசவில்லை, அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல். செப்புத் தவலையில் ராத்திரி முழுக்க ஊறின தண்ணீர் உடம்புக்கும் முடிக்கும் நல்லது என்று அந்தத் தண்ணீரால்தான் தலையை அலசி விடுவார். பாசம்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அலச அலசப் பச்சை ஏறிக்கொண்டே போனது. வைகாசி பிறக்கும்போது கிளி வால் மாதிரி ஆகிவிட்டது டீச்சரின் சடை.

பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அம்மாக்களுக்கு அப்படி இல்லை. குளத்தங்கரை சிமெண்டு பெஞ்சில் தினமும் வந்து உட்காருகிற வக்கீல் வீட்டம்மா ஒருவர் உண்டு. இரண்டு பெண் பிள்ளைகள் நீந்துவதை முறுக்கு கடித்தபடி மேற்பார்வை பார்ப்பார். நல்ல மனசு, பெரிய குரல். அவர் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை முதலில் வந்தது.

"ஏற்கெனவே தோலு அப்படி. இப்ப முடியும் பச்சையாகுது. இது தொத்து வியாதி இல்லன்னு யாரு கண்டா? அதே தண்ணியிலதான நம்ம புள்ளைகளும் முங்குது?"

அவ்வளவுதான். மறுநாள் அவர் பிள்ளைகள் வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் நான்கைந்து பேர் நின்றுவிட்டார்கள். ஒரு வாரத்தில் குளம் வெறிச்சோடிவிட்டது. மீதம் வந்த பிள்ளைகளும் டீச்சர் கையைப் பிடிக்கத் தயங்கின. அந்தக் குட்டிக் கைகள் பின்னால் போனதை நானே பார்த்தேன்.

குளத்தின் செயலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆள் வராத வகுப்புக்கு டீச்சர் எதற்கு என்று அவருக்கும் மேலே இருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்றார். வழியையும் அவரே சொன்னார்: பேசாமல் தலைக்குக் கறுப்புச் சாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. டீச்சர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "மறைச்சா, வியாதியத்தேன் மறைக்கிறேன்னு நெனப்பாக. அதுக்கப்புறம் எந்தப் புள்ளையும் ஏங்கிட்ட வராதுக்கா" என்றார். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தன் முடியில் சில கற்றைகளை, இன்னும் பச்சை ஏறாத வேர்ப்பக்கமாகப் பார்த்து வெட்டி, நூலால் கட்டி, மூன்று கண்ணாடி டம்ளர்களில் போட்டார். ஒன்றில் குளத்துத் தண்ணீர். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் சித்தி வீட்டுத் தவலைத் தண்ணீர். தண்ணீரைத் தினமும் மாற்றிக்கொண்டே வந்தார். சித்தி, பெண்ணுக்கு மூளை கலங்கிவிட்டது என்று குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாராம். கிணற்றுத் தண்ணீரில் இருந்த முடி அப்படியே இருந்தது. குளத்துத் தண்ணீர் முடி பச்சையானது. தவலைத் தண்ணீர் முடியும் லேசாகப் பச்சையானது!

அதே சமயம் இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. பாசியைக் கொல்வதற்காகக் குளத்துக் காவலாளி ஒரு சாக்குப் பையில் நீலக் கட்டிகளைப் போட்டுத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனார். கிட்டே போய்ப் பார்த்தால் மயில்துத்தம். கொடிக்காலில் வெற்றிலைக்கு நோய் வராமல் இருக்க டீச்சரின் அப்பா சுண்ணாம்போடு கலந்து தெளிப்பாரே, அதே மயில்துத்தம்.

"அதுல செம்பு இருக்குக்கா. தவலையும் செம்பு. ரெண்டுலயும் செம்பு. அப்ப என் தலையில இருக்கது வியாதி இல்ல, செம்புப் பாத்திரத்துல பச்சையா ஏறுமே, அந்தக் களிம்பு!"

சொல்லும்போது அவர் முகம் அப்படி மலர்ந்தது. புளியும் செம்பும் புழங்குகிற எந்த வீட்டிலும் களிம்பை எதை வைத்து எடுப்பார்கள் என்று சொல்லித் தர வேண்டுமா? பச்சை முடிக் கற்றையைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டார். நிறம் இறங்கியது. பிறகு தலையின் வலது பக்கத்துக்கு மட்டும் போட்டுப் பார்த்தார். பழைய புளி கறுப்பு ஏற்றிவிடும் என்று அந்த வருஷத்துப் புதுப் புளியாகப் பார்த்து வாங்கி, கெட்டியாகக் கரைத்துத் தேய்த்து, ஈரத் துணியைச் சுற்றி ஊறவிட்டு அலச, வலது பக்கம் பழையபடி சோளக்குஞ்சமாகிவிட்டது. இடது பக்கத்தை வேண்டுமென்றே பச்சையாக விட்டுவிட்டார்.

"நீங்க ஒரு ஒத்தாசை செய்யணுமே. சனிக்கெழம சாயங்காலம் அம்மாமார்கள ஒரு தடவ வரச் சொல்லணும். மத்தவுக வராட்டியும் பரவாயில்ல, அந்த வக்கீல் வீட்டம்மா வரணும்" என்றார்.

வக்கீல் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா அடுப்படியில் இருந்தார். வரிசை வரிசையாகப் பித்தளை, செம்புப் பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் முகம் பார்க்கலாம். வேலைக்காரப் பெண் தேய்த்ததை மறுபடி தானே தேய்ப்பாராம், அவளுக்குக் கை பத்தாதாம். "சொல்லிட்ட, வாரேன். ஆனா தூரமா நின்னுதேன் பாப்பேன்" என்றார். திரும்பி வந்து டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னேன். பாத்திரத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் "அப்படியா?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் வந்து, சொன்னபடியே தூரமாக நின்றார்கள். செயலாளர் ஒரு ஓரத்தில். அவர் கையில் ஒரு சாய டப்பா இருந்தது. அவராகவே வாங்கி வந்துவிட்டார் போலிருக்கிறது. கால் கழுவுகிற குழாயடியில் டீச்சர் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் புளி. களிம்பேறிய ஒரு செம்புச் சொம்பு. சடையை அவிழ்த்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சை. எல்லோரும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

மூன்று டம்ளர் கதையைச் சொன்னார். மயில்துத்தத்தைக் காட்டினார். சொம்பில் ஒரு பாதியைப் புளியால் துலக்கிக் காட்டினார். "இந்தச் சொம்புல இருக்கதுதேன் என் தலையிலயும் இருக்கு. பாருங்க" என்று இடது பக்க முடியில் புளியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அங்கேதான் காரியம் கெட்டது. சொம்பை அவ்வளவு லாகவமாகத் துலக்கியவர், முடியை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தார். புளி தரையில் ஒழுகியதே தவிர முடியில் இறங்கவில்லை. பச்சை அப்படியே இருந்தது. பின்னால் நின்றவர்கள் குசுகுசுத்தார்கள். ஒருவர் கிளம்புவதற்குப் பையைக்கூட எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த நான், தேய்த்துவிடலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். டீச்சர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே நிறுத்தினார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. போச்சு, வேலை போச்சு என்றே நினைத்தேன்.

வக்கீல் வீட்டம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கழுத்தை நீட்டினார். உச்சுக் கொட்டினார். இடுப்பில் கை வைத்தார், எடுத்தார். கடைசியில் வெடித்துவிட்டார்.

"ஏத்தா, என்ன தேய்க்கிற? கொழந்தைக்குப் பவுடர் பூசுற மாதிரி! இப்படித் தேச்சா விடிய விடியத் தேச்சாலும் களிம்பு போகுமா?"

"வரமாட்டேங்குதும்மா" என்றார் டீச்சர், பாவமாக.

"எப்படி வரும்? தள்ளு. கொண்டா இங்கிட்டு!"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். சட்டியைப் பிடுங்கி, புளியை மோந்து பார்த்து, "புதுப் புளிதேன், தப்பிச்ச" என்றார். ஒரு கை நிறைய அள்ளி அந்தப் பச்சை முடியில் அப்பினார். இரண்டு கையாலும் பிடித்து, வேரிலிருந்து நுனி வரைக்கும் உருவி உருவித் தேய்த்தார். "கண்ண மூடிக்க. எரியும். தலையக் குனி." பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவை, "வேடிக்க பாக்குறியே, அந்தக் குழாயத் தெறந்து ஒரு சொம்பு தண்ணி குடு" என்று அதட்டினார். அந்தம்மா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். இன்னொருவர் துணி நனைத்துக் கொடுத்தார். தூரமாக நின்ற கூட்டம் எப்போது குழாயடிக்கு வந்தது என்று யாருக்குமே தெரியாது.

துணியைச் சுற்றி ஊறவிட்ட நேரமெல்லாம் வக்கீல் வீட்டம்மாவின் கை டீச்சரின் தலையில்தான் இருந்தது. துணி நழுவாமல் பிடித்துக்கொண்டே, புளி விலையிலிருந்து தன் ஓர்ப்படி வரைக்கும் பேசித் தீர்த்தார். அலசியபோது பச்சை பாதி இறங்கியிருந்தது. விடுவாரா? மறுபடியும் ஒரு தடவை தேய்த்து, ஊறவைத்து அலசினார். இந்தத் தடவை, சாயங்கால வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறமாகத் தெரிந்தது. சோளக்குஞ்சம்!

"அட, போயிருச்சு பாருங்கடி!" என்று அந்த முடியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். காட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். தன் கையைப் பார்த்தார். கையில் சுற்றியிருந்த முடியைப் பார்த்தார். 

"வியாதின்னு சொன்னவ நான்தேன்" என்றார் மெதுவாக. அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "தப்பாச் சொல்லிட்டேன் தாயி. மனசுல வச்சுக்கிறாத. நாளைக்குப் புள்ளைகளக் கூட்டிட்டு வாரேன்." பிறகு தன் முந்தானையாலேயே டீச்சரின் தலையைத் துவட்டி விட்டார். டீச்சர் குனிந்தபடியே இருந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. செயலாளர் சாய டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல ஆபீஸுக்குள் போய்விட்டார்.

அடுத்த வாரம் குளம் நிறைந்துவிட்டது. டீச்சர் சும்மா இருக்கவில்லை. குளத்து மருந்தில் கறுப்பு முடிகூடச் செம்பட்டையாகி வைக்கோலாகிறது என்று அம்மாக்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் எல்லோருக்குமாக ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். குளத்தில் இறங்குவதற்கு முன் குழாயடியில் தலையை நன்றாக நனைக்க வேண்டும். "நல்ல தண்ணிய வயிறு முட்டக் குடிச்ச முடி, குளத்துத் தண்ணியக் குடிக்காது" என்பார். எண்ணெய்த் தலையோடு இறங்கக் கூடாது என்று குளத்தில் பலகையே இருந்தது. அதனால் பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி வெட்டி, ஒட்டி, ஒரு ரப்பர் குல்லாய் செய்துகொண்டார். அதற்குள்ளே மட்டும் கொஞ்சம் தேங்காயெண்ணெய். போட்டுக்கொண்டால் தலை கத்தரிக்காய் மாதிரி இருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசல். வாரம் ஒரு தடவை நீர்த்த புளித்தண்ணீர். புளி முடியை முரடாக்கிவிடும் என்பதால் அதன் மேல் சோறு வடித்த கஞ்சி. சித்தியின் செப்புத் தவலை பரணில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் அந்த முடி பச்சையாகவே இல்லை.

நானும் ஒருவழியாக நீந்தக் கற்றுக்கொண்டேன். கோடை முடிகிற கடைசி வகுப்பன்று, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். சொம்பை அவ்வளவு அழகாகத் துலக்கிய கைக்கு, முடியைத் தேய்க்க மட்டும் ஏன் வரவில்லை?

டீச்சர் குடைக்குள்ளிருந்து சிரித்தார். "வலது பக்கத்த வீட்டுல நானேதானக்கா தேச்சேன்? எனக்கா தெரியாது?"

"அப்புறம் ஏன் அப்படி?"

"வியாதின்னு சொன்னவுககிட்டப் போய், என்னயத் தொட்டுப் பாருங்கன்னா தொடுவாகளா? வீட்டு ஆளுகளத் தவிர என் தலையத் தொட்டவுக யாருமே இல்லக்கா. அந்தம்மாவுக்குப் பாத்திரத்துல களிம்பு இருந்தாப் பொறுக்காதுன்னு நீங்கதான வந்து சொன்னீக? நான் ஒழுங்காத் தேச்சிருந்தா என் முடி மட்டுந்தேன் வெளுத்திருக்கும்."

வேலை போகுமா இருக்குமா என்று தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தனை பேருக்கு முன்னால் கையாலாகாதவளாகக் காட்டிக்கொள்ள எம்புட்டுத் துணிச்சல் வேண்டும்! தன்னை ஒதுக்கியவர் மேல் ஒரு சொட்டுக் கோபமாவது காட்டினாரா? அந்தம்மாவின் கையைத் தன் தலைக்குத் தானாக வரவைத்தார், அதுவும் அந்தம்மாவுக்கே தெரியாமல்.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கிணற்று மேட்டிலிருந்து நான் குதித்ததில் நாத்தனார் கையிலிருந்த சொம்பு நழுவித் தண்ணீருக்குள் போனது தனிக்கதை. ஆனால் டீச்சரிடம் நான் கற்றுக்கொண்டதில் நீச்சல் சின்ன விஷயம்தான். இத்தனை வருஷத்தில் யாராவது ஒருவர் என்னைக் கண்டு ஒதுங்கி நின்றால், அவரிடம் வழக்குப் பேசப் போகாமல், அவர் கைக்கு நன்றாக வருகிற வேலை ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு, புளி ஒழுக ஒழுகக் குனிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் போலக் காத்திருக்கத்தான் பார்க்கிறேன்.